எலும்பு முறிவும் தலைவிதியும்

நமது நாட்டில் ஒருவனுக்குக் கால் ஒடிந்துவிட்டால் அதற்குக் காரணம் தேடுகிறவர்கள் மிகச் சிலர். காரணம் சொல்லுகிறவர்களோ ஏராளம். கெட்ட நேரம் என்பார் ஒருவர். ஏழரைச் சனி என்பார் மற்றொருவர். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தவில்லை என்பார் வீட்டிலுள்ள பெரியவர். கடைசியில், தலைக்கு வந்தது காலோடு போயிற்று என்று எல்லோருமாகச் சேர்ந்து ஆறுதல் கூறி விஷயத்தை முடித்து விடுவார்கள். இப்படி முடித்துவிடுவதால் சொல்லுகிறவர்களுக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. கால் ஒடிந்தவனுக்கும் அவன் பெண்டு பிள்ளைகளுக்குமே நஷ்டமாகும். ஆதலால் எலும்பு ஏன் முறிகின்றது, அது எப்படிக் கூடுகின்றது, கூடிய பின்பும் பலர் ஏன் பழையபடி எழுந்து நடமாட முடியாமல் போகின்றார்கள் என்கின்ற விஷயங்களைப் பற்றிச் சிறிது பகுத்தறிவைக் கொண்டு ஆராயலாம் என்று கருதுகின்றோம்.

செம்பரம்பாக்கம் என்றால் சென்னைவாசிகளுக்கு ஏரிதான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஏரிப் பக்கமாகத்தான் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெருஞ்சாலை செல்லுகின்றது. அதன் வழியே மேற்கே போனால் தண்டலமும், இருங்காட்டுக்கோட்டையும், ஸ்ரீபெரும்புதூரும் வரும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமியில் இன்று காரும், லாரியும், மோட்டார் சைக்கிளும் விளைகின்றன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது முதல், தொழிற்சாலைக்குப் பின் தொழிற்சாலையாக அப்பிரதேசமே நிரம்பிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் இரவென்றும் பகலென்றும் இல்லாமல் ஷிப்டு முறையில் அங்கு வேலைக்குப் போகின்றார்கள், வருகின்றார்கள். அவர்களில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வைக்கப்பட்டவர்கள் மிகப் பலர்.

அந்த ஒரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்கின்ற ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. புதிய வண்டிகளைச் சோதிப்பதும், வண்டிக்குள் மனிதனைப் போன்ற பொம்மையை உட்கார வைத்துச் சுவரில் மோதவிட்டுப் பார்ப்பதும் இம்மாதிரி நிலையங்களின் வேலை. மோதுகின்ற சமயத்தில் பொம்மையின் தொடை எலும்பு எவ்வளவு பாரத்தைத் தாங்குகின்றது என்பதை அளப்பதற்கு அந்தத் தொடைக்குள்ளேயே கருவி வைத்திருக்கின்றார்கள். இது அறிவின் வேலை; இதை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் இவ்வளவும் சோதித்து வெளிவந்த காரை வாங்குகின்ற நம் கனவான், முதல் காரியமாக அதைக் கோவில் வாசலில் நிறுத்திச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றார். அந்தக் காரைச் செய்த தொழிலாளியோ ஷிப்டு முடிந்து, தூக்கக் கண்ணோடு, ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் லாரிகளுக்கு நடுவே வீட்டுக்குப் போகின்றான். பொம்மையின் தொடை எலும்புக்குக் கணக்கு இருக்கின்றது. இந்த உயிருள்ள மனிதனின் தொடை எலும்புக்கு என்ன கணக்கு இருக்கின்றது என்பதுதான் நம்முடைய கேள்வி.

விபத்தும் விதியும்

2022-ம் வருஷத்துக்கு இந்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி, அந்த ஒரு வருஷத்தில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நடந்திருக்கின்றன. இறந்தவர்கள் 1,68,491 பேர். காயப்பட்டவர்கள் 4,43,366 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் ஸ்தானம் நம் தமிழ்நாட்டுக்குத்தான். 64,105 விபத்துகள் இங்கு மாத்திரம் நடந்திருக்கின்றன. இறந்தவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். 100-க்கு 19 பேருக்கு மேல் வெறுமனே நடந்து போனவர்கள்.

தலைவிதி என்று ஒன்று இருப்பது உண்மையானால், அந்த விதிக்கு இரண்டு சக்கரக்காரன் மீதும், நடந்து போகிறவன் மீதும் இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று கேட்கின்றோம். நான்கு சக்கரமும், காற்றுப் பையும், இடுப்பு வாரும் உள்ளவனைக் கண்டால் பிரம்மாவின் எழுத்தாணி ஏன் தயங்குகின்றது? இருட்டில் விளக்கில்லாமல் சாலையோரத்தில் நிறுத்தப்பட்ட லாரிக்குப் பின்னால்தான் சனி பகவான் வந்து உட்காருகின்றாரா? வேலை முடிந்து அலுத்துப் போய்த் திரும்புகிற நேரம்தான் ராகுகாலமா? சாலையைக் கடக்கப் பாலம் இல்லாத இடத்தில் கால் முறிவதும், பாலம் கட்டிய இடத்தில் முறியாமல் இருப்பதும் பூர்வஜென்மத்தில் செய்த வினையினாலா, அல்லது இந்த ஜென்மத்தில் எஞ்சினீயர்கள் செய்த வேலையினாலா?

ஆயுத பூஜையன்று நடக்கிற கூத்தைப் பாருங்கள். திருஷ்டி கழிப்பதற்கென்று கடைக்குக் கடை, பட்டறைக்குப் பட்டறை, பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைக்கின்றார்கள். சிறிது நேரத்தில் அந்த வழியாக வருகிறவன் அதன்மேல் சக்கரம் ஏற்றி வழுக்கி விழுகின்றான். சாலையில் பூசணிக்காய் உடைக்க வேண்டாம் என்று போலீசார் கேட்டுக்கொள்வது வருஷந்தோறும் நடக்கின்ற சடங்காகிவிட்டது. ஒருவனுக்கு விபத்து வராமல் இருப்பதற்காகச் செய்யப்படும் காரியம் இன்னொருவனுக்கு விபத்தாக முடிகின்றது. விழுந்தவனைத் தூக்கிவிடுகிறவர்களும் "நேரம் சரியில்லை" என்றே சொல்லுகின்றார்கள்; பூசணிக்காய் சரியில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

எலும்பு கூடுவது எப்படி?

நிற்க, முறிந்த எலும்பு எப்படிக் கூடுகின்றது என்று பார்ப்போம். எலும்பு என்பது கட்டையோ கல்லோ அல்ல. அது ரத்த ஓட்டம் உள்ள உயிர்ப் பொருள். முறிந்தவுடன் அவ்விடத்தில் ரத்தம் கசிந்து உறைகின்றது. சில நாட்களில் அந்த உறைவுக்குள் புதிய ரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் புகுந்து, முறிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் முதலில் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற ஒரு பாலத்தைக் கட்டுகின்றன. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகின்றது. கடைசியில், மாதங்களும் வருஷங்களுமாக, வேண்டாத பாகத்தைக் கரைத்து, வேண்டிய பாகத்தைப் பலப்படுத்தி, எலும்பு தன் பழைய உருவத்துக்குத் தானே திரும்புகின்றது. பெரியவர்களுக்கு மணிக்கட்டு ஏறக்குறைய 6 வாரத்தில் கூடும்; முன்னங்கால் எலும்புக்கு 4 மாதமோ அதற்கு மேலோ ஆகும்; குழந்தைகளுக்கு இதைவிடச் சீக்கிரம். இதற்கு வேண்டியவை மூன்று: முறிந்த முனைகள் ஒழுங்காகச் சேர்ந்திருக்க வேண்டும், அதிகமாக அசையக் கூடாது, அவ்விடத்துக்கு நல்ல ரத்தம் போகவேண்டும். பீடி சிகரெட் குடிப்பது இந்த ரத்த ஓட்டத்தைக் கெடுத்து, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகின்றது என்பது பல ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை.

இதில் மந்திரத்துக்கு எங்கே இடம்? ஜாதிக்குத்தான் எங்கே இடம்? பிரம்மாவின் முகத்தில் பிறந்தவன் ஒருவன், காலில் பிறந்தவன் ஒருவன் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றார்கள். எக்ஸ்ரே படத்தை விளக்கின்முன் பிடித்துப் பார்த்தால், இது முகத்தில் பிறந்தவனுடைய எலும்பு, இது காலில் பிறந்தவனுடைய எலும்பு என்று எந்த வைத்தியராவது பிரித்துச் சொல்ல முடியுமா? கால் என்பது கீழான உறுப்பு என்று சொல்லுகிற சாஸ்திரிக்குக் கால் ஒடிந்து பார்த்தால்தான், காலில்லாமல் முகம் எவ்வளவு தூரம் நடக்கும் என்பது விளங்கும்.

கட்டு வைத்தியம்

நம் மக்களில் அநேகர் எலும்பு முறிந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, கட்டுக்குப் போகின்றார்கள். திருத்தணிக்கு அப்பால் ஆந்திர தேசத்திலுள்ள புத்தூரின் பேரால், "புத்தூர் கட்டு" என்கின்ற பலகையைச் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அங்கு மூங்கில் சிம்பும், துணியும், எண்ணெயும், பச்சிலையும் வைத்துக் கட்டுகின்றார்கள். "எங்கள் மாமனுக்குக் குணமாயிற்று, அத்தைக்குக் குணமாயிற்று" என்று சாட்சி சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கின்றார்கள்.

அவர்கள் சொல்லுவது பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. தோல் கிழியாமல், இடம் விலகாமல் முறிந்த எலும்பை எந்தக் கட்டில் வைத்து அசையாமல் காத்தாலும் அது கூடத்தான் செய்யும். ஏனென்றால் கூட்டுவது உடம்பே அன்றிப் பச்சிலை அல்ல. தானாக இறங்கும் காய்ச்சலுக்கு மந்திரித்தவன் பேர் வாங்கிக் கொள்ளுவது போலத்தான் இதுவும். ஆனால் குணமானவர்கள் மாத்திரந்தான் சாட்சி சொல்ல வருகின்றார்கள். கோணலாகக் கூடிக் கை மடக்க முடியாமல் போனவர்களும், கட்டு இறுகி ரத்தம் நின்று விரல் கறுத்துக் கையையே இழந்தவர்களும், திறந்த காயத்தின்மேல் எண்ணெய்க் கட்டுப் போட்டுச் சீழ் பிடித்துப் போனவர்களும் எந்தப் பலகையின் கீழும் வந்து நின்று சாட்சி சொல்லுவதில்லை. கட்டு இறுகுவதனால் தசை செத்துக் கை சுருங்கிப் போவதைப் பற்றி ரிச்சர்டு வோல்க்மன் என்கின்ற ஜெர்மானிய வைத்தியர் 1881-லேயே எழுதி வைத்தார். ரத்தம் நின்ற தசை சில மணி நேரத்துக்குமேல் பிழைக்காது. கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும், விரல் மரத்தாலும், சில்லிட்டாலும், அந்தக் கட்டை உடனே அவிழ்த்தாக வேண்டும். "வலித்தால்தான் பிடிக்கிறது என்று அர்த்தம்" என்று பொறுத்திருப்பது கையை இழப்பதற்கு வழி.

அன்றியும், கட்டுக்குப் போகிற ஏழையைப் பார்த்து "மூடன்" என்று ஏசிவிட்டுப் போவது பகுத்தறிவாகாது. அவன் ஏன் போகின்றான் என்று கேட்பதுதான் பகுத்தறிவு. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று அவன் அஞ்சுகின்றான். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்கும் பணம் அவனிடத்தில் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் ஒவ்வொரு நாளும் கூலி போகின்றது. கட்டுக்காரன் அவன் பாஷையில் பேசுகின்றான், தொட்டுப் பார்க்கின்றான், இத்தனை கட்டில் சரியாகும் என்று உறுதி சொல்லுகின்றான். இந்தப் பயமும், பணமும், மரியாதையும் சரிசெய்யப்படாத வரை, கட்டுக்குப் போகாதே என்று ஆயிரம் துண்டுப் பிரசுரம் வெளியிட்டும் பயனில்லை.

கட்டு வைத்தியன் அறிவு பெற்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் ஈவான் தாமஸ் என்கின்ற ஒரு பரம்பரைக் கட்டு வைத்தியர் இருந்தார். அவர் தம்முடைய தொழிலே போதும் என்று இருந்துவிடாமல், தம் புதல்வர் ஐவரையும் முறையாக வைத்தியம் படிக்க வைத்தார். அவர்களில் ஒருவரான ஹ்யூ ஓவன் தாமஸ், காலை அசையாமல் இழுத்து வைப்பதற்கு ஓர் இரும்புச் சட்டத்தைக் கண்டுபிடித்தார். முதல் உலக யுத்தத்தில் தொடை எலும்பில் குண்டுபட்ட சிப்பாய்கள் ஆரம்பத்தில் ஏராளமாக மாண்டு கொண்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தைப் போர்க்களத்திலேயே மாட்டத் தொடங்கிய பிறகு, 1917-ல் அர்ராஸ் யுத்தத்தில் அந்தச் சாவு 100-க்கு 16 என்கின்ற அளவுக்கு இறங்கியது. பரம்பரை என்பது பெருமை பேசுவதற்கு அல்லாமல் படிப்புக்கு முதல் படியாக வைத்துக் கொள்ளப்பட்டால் விளையும் பலன் இது.

வைத்தியரும் தவறக்கூடும்

இதனால் இங்கிலீஷ் வைத்தியத்தைத் தெய்வமாக்கிக் கும்பிட வேண்டும் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வைத்தியர்களும் ஒரு காலத்தில் கைகழுவாமலேயே ரண சிகிச்சை செய்தவர்கள்தான். எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால், காலை வெட்டு, அல்லது சாவு என்பதே அன்றைய நிலைமை. 1865-ல் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்து கிழிந்துபோன 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் திராவகத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. 6 வாரத்தில் எலும்பு கூடிற்று; கால் தப்பிற்று. கிருமி என்பதையே நம்பாத பெரிய வைத்தியர்கள் அவரைப் பரிகாசம் செய்தார்கள். ஆனால் அவர்கள் முடிவில் கணக்குக்கு முன் தலைவணங்க நேர்ந்தது.

சமீப காலத்து உதாரணம் ஒன்றைச் சொல்லுவோம். கிழிந்த எலும்பு முறிவைக் கழுவும்பொழுது உப்பு நீரோடு சோப்பும் சேர்த்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று பல வைத்தியர்கள் எண்ணி வந்தார்கள். கேட்கிறவனுக்கும் அது நியாயமாகத்தான் தோன்றும். இந்தியா உட்பட அய்ந்து தேசங்களில் 2,447 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். சோப்புப் போட்டுக் கழுவப்பட்டவர்களில் 100-க்கு 14.8 பேருக்கு மறுபடியும் ஆபரேஷன் செய்ய நேர்ந்தது. வெறும் உப்பு நீரில் கழுவப்பட்டவர்களில் 100-க்கு 11.6 பேருக்குத்தான். தண்ணீரை அதிக வேகத்தோடு பீய்ச்சினாலும் குறைந்த வேகத்தில் விட்டாலும் பலன் ஒன்றுதான் என்றும் தெரிந்தது. ஆகவே விலை குறைந்த உப்பு நீரே போதும். ஏழை நாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன?

இங்குதான் விஞ்ஞானத்துக்கும் வேதத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்கின்றது. வேதத்தில் தப்பு இருக்கிறது என்று சொல்லுகிறவனை நாஸ்திகன் என்பார்கள். விஞ்ஞானத்தில் தப்பைக் கண்டுபிடிக்கிறவனைத்தான் விஞ்ஞானி என்பார்கள்.

இந்த ஆராய்ச்சிக்கு நம் தமிழ்நாடும் பங்கு கொடுத்திருக்கின்றது என்பதை மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்லுகின்றோம். காலில் எலும்பும் தசையும் தோலும் சேர்ந்து நசுங்கிப் போனால், அந்தக் காலைக் காப்பாற்றப் பார்ப்பதா, எடுத்துவிடுவதா என்பது வைத்தியர்களுக்கு மிகவும் கஷ்டமான தீர்ப்பு. கோவை கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவரது தோழர்களும் இப்படிப்பட்ட 109 காயங்களை வரிசையாக எடுத்து ஆராய்ந்து, தோலுக்கு இவ்வளவு, எலும்புக்கு இவ்வளவு, தசைக்கு இவ்வளவு, நோயாளியின் மற்ற வியாதிகளுக்கு இவ்வளவு என்று மார்க்கு போடும் ஒரு முறையை வகுத்து 2006-ல் வெளியிட்டார்கள். 14-ம் அதற்குக் குறைவுமானால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ம் அதற்கு மேலுமானால் எடுத்துவிடுவது நலம். நடுவில் உள்ளதை ஆளுக்கு ஆள் ஆலோசித்து முடிவு செய்யவேண்டும் என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்து விடுவார்கள் என்று அஞ்சுகிற ஏழைக்கு இதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வைத்தியர் தம் மனம்போல் வெட்டுவதற்கு அல்ல, காக்கக் கூடியதைக் காப்பதற்கே இந்தக் கணக்கு.

காலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. 1968-ல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும், பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத ராமச்சந்திர சர்மா என்கின்ற கைத்தொழிலாளியும் சேர்ந்து செய்த ரப்பர்க் காலைப் போட்டுக் கொண்டு நம்மவர்கள் தரையில் குந்துகின்றார்கள், வரப்பில் நடக்கின்றார்கள். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் செருப்பும் நாற்காலியும் வேண்டும் என்று கண்டு, தரையில் உட்காரும் மக்களுக்குத் தகுந்ததைச் செய்யும் யோசனை வந்தது ஒரு தொழிலாளியின் கையும் ஒரு வைத்தியரின் படிப்பும் சேர்ந்ததனால்தான்.

எலும்பு கூடினால் போதுமா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகின்றோம். அமெரிக்காவில் எட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளில், கால் படுமோசமாக நசுங்கிய 569 பேரை இரண்டு வருஷ காலம் தொடர்ந்து கவனித்து, 2002-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. காலைக் காப்பாற்றியவர்கள் சுகமாக இருக்கின்றார்களா, காலை எடுத்துவிட்டவர்கள் சுகமாக இருக்கின்றார்களா என்பதைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது அது. இரண்டு சாராருக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். இரண்டு வருஷம் கழிந்த பின்பும் இரு சாராரிலும் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

அப்படியானால் யார் நன்றாகத் தேறவில்லை என்று பார்த்தபொழுது வந்த விடைதான் நாம் கவனிக்கத் தக்கது. மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேரும்படி உபத்திரவம் வந்தவர்களும், புகை குடிப்பவர்களும் அதில் அடக்கம். இவர்களோடு, வறுமையில் இருப்பவர்கள், படிப்புக் குறைந்தவர்கள், இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள், உறவினர் நண்பர் துணை இல்லாதவர்கள், வெள்ளையரல்லாதவர்கள், தன்னால் முடியும் என்கின்ற நம்பிக்கை குறைந்தவர்கள் ஆகியோரும் நன்றாகத் தேறவில்லை. அதாவது, எந்த ஆபரேஷன் செய்தார்கள் என்பதைவிட, அவன் எப்படிப்பட்ட சமூகத்தில் எந்தப் படியில் நிற்கிறவன் என்பதே அவன் எழுந்து நடப்பதை அதிகமாகத் தீர்மானித்திருக்கின்றது. அங்கு நிறம்; இங்கு ஜாதி. எலும்பில் நிறமும் இல்லை, ஜாதியும் இல்லை என்று மேலே சொன்னோம். ஆனால் எலும்பு கூடிய பிறகு மனிதன் தேறுவதில் மாத்திரம் அவை வந்து புகுந்து கொள்ளுகின்றன. இது கடவுள் செயலா, மனிதர் செயலா என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

இதை ஒரகடத்து ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பொருத்திப் பாருங்கள். முன்னங்கால் முறிந்தால் 4 மாதம். கூடவே தசை பலவீனப்பட்டு, முட்டி மடங்காமல் போய், அதைப் பழக்கிச் சரிப்படுத்த இன்னும் சில மாதம். இத்தனை நாளும் ஒப்பந்தக்காரர் அவன் இடத்தைக் காலியாக வைத்திருப்பாரா? அடுத்த நாளே வேறு ஆள் வந்துவிடுகின்றான். வாடகை கேட்கிறவன் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து விட்டுக் கொடுப்பதில்லை. ஆகவே எலும்பு கூடுமுன்பே அவன் கட்டோடு வேலை தேடிப் போகின்றான், உள்ளே வைத்த தகடு உடைகின்றது, மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் கடன். அப்பொழுதும் ஊரார் சொல்லுவது, அவன் ராசி அப்படி என்பதுதான்.

2021 டிசம்பர் 18-ந் தேதி தமிழ்நாட்டில் "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" என்கின்ற திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவர் யாராயிருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, ஆரம்பத்தில் 1 லட்சம் ரூபாய் வரையில், சர்க்காரே பொறுப்பேற்பதாக ஏற்பட்ட ஏற்பாடு அது. அதை நாம் மனமார வரவேற்கின்றோம். உயிர் போவதும் இருப்பதும் அந்த மணி நேரங்களில்தான் இருக்கின்றது. ஆனால் உயிர் பிழைத்தவனுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் 48 வாரம் இருக்கின்றதே, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்கின்றோம்.

இ.எஸ்.ஐ. முறையில் வேலையில் காயம்பட்டவனுக்கு, அவன் வேலை செய்ய முடியாத காலத்தில் கூலியில் 100-க்கு 90 பாகம் கிடைக்க வழி இருக்கின்றது. 2010-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி வேலைக்குப் போகும் வழியிலும், திரும்பும் வழியிலும் ஏற்படும் விபத்தும், வேலையோடு அதற்குச் சம்பந்தம் இருக்குமானால், வேலையில் பட்ட காயமாகவே எண்ணப்பட வேண்டும். இந்த விஷயம் எத்தனை ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தெரியும்? தெரிந்தாலும், அவன் பேர் பதிவாகியிருக்கின்றதா, கட்டணம் கட்டப்பட்டிருக்கின்றதா என்று கேட்க அவனுக்குத் தைரியம் உண்டா? பல்லாண்டு பாடக் கற்றுக் கொடுக்கிறவர்கள் இருக்கின்றார்கள். இந்தப் பாத்தியத்தைக் கற்றுக் கொடுப்பார் இல்லை.

பெண்களின் நிலைமையோ இன்னும் மோசம். புருஷனுக்குக் கால் ஒடிந்தால் அவனைத் தூக்கி உட்கார வைக்கவும், மலம் எடுக்கவும், குளிப்பாட்டவும் மனைவி தன் வேலையை விட்டு வீட்டில் இருக்கின்றாள். அவள் இழந்த கூலி எந்தக் கணக்கிலும் சேருவதில்லை. அவளுக்கே கை ஒடிந்தாலும் கட்டோடு சமையல் செய்கின்றாள். வீட்டிலிருக்கும் கிழவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், "வயதாகிவிட்டது, இனி என்ன" என்று மூலையில் படுக்க வைத்து விடுகின்றார்கள். படுத்தவள் புண் கண்டு, நெஞ்சில் சளி கட்டிச் சாகின்றாள். "கட்டை வேகும் வயது" என்கின்றார்கள். இந்தியா உட்பட 17 தேசங்களில் இடுப்பெலும்பு முறிந்த 2,970 பேரை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆராய்ச்சியில், 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களுக்கும் 24 மணி நேரத்தில் செய்யப்பட்டவர்களுக்கும் சாவில் அதிக வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் சீக்கிரம் செய்யப்பட்டவர்களுக்குச் சித்தம் தடுமாறுவது குறைந்திருந்தது. அவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். அவர்கள் 6 மணியா 24 மணியா என்று ஆராய்ந்து கொண்டிருக்க, நாம் கிழவிக்கு ஆபரேஷனே எதற்கு என்று கேட்டுக் கொண்டிருக்கின்றோம். அதே இடத்தில் கிழவர் விழுந்திருந்தால், அவர் பேரில் சொத்தும் இருந்திருந்தால், இப்படிக் கேட்டிருப்போமா?

செய்ய வேண்டியது என்ன?

செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கின்றது, எத்தனை கன அடி வருகின்றது, எத்தனை கன அடி போகின்றது என்பதைத் தினந்தோறும் அளந்து பத்திரிகையில் போடுகின்றார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கணக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் கொண்டு பார்க்காத சென்னைவாசி இல்லை. மழையை வருண பகவானிடம் விட்டுவிட்டு ஒருவரும் சும்மா இருப்பதில்லை. அளந்தால்தான் காக்க முடியும் என்பது ஏரி விஷயத்தில் எல்லோருக்கும் விளங்குகின்றது. எலும்பு விஷயத்தில் மாத்திரம் ஏன் விளங்கவில்லை?

சாலை விபத்துக் கணக்கில் செத்தவர்கள், பெருங்காயம் பட்டவர்கள், சிறுகாயம் பட்டவர்கள் என்று பிரித்து எழுதுகின்றார்கள். பெருங்காயம் இன்னதென்று சொல்லுகிற கிரிமினல் சட்டமோ எலும்பு முறிவையும் பல் உடைவதையும் ஒரே வரியில் சேர்த்து வைத்திருக்கின்றது. தொடை எலும்பு இரண்டாக முறிந்தவனும் பல் ஒன்று உடைந்தவனும் அங்கு ஒன்றுதான். அவன் எப்பொழுது ஆஸ்பத்திரிக்கு வந்தான், எப்பொழுது சிகிச்சை நடந்தது, எப்பொழுது நடந்தான், எப்பொழுது வேலைக்குத் திரும்பினான், திரும்பவே இல்லையா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. ஹரியானாவில் மானேசர் பக்கத்துக் கார் உதிரி பாகப் பட்டறைகளில் பிரஸ் இயந்திரத்தில் விரல் நசுங்குகிற தொழிலாளிகளைச் சேஃப் இன் இந்தியா என்கின்ற ஓர் அமைப்பு எண்ணத் தொடங்கி, 2019 முதல் அறிக்கையாக வெளியிட்ட பிறகுதான், பெரிய கார்க் கம்பெனிகளும் அவ்விஷயத்தைப் பற்றிப் பேசியாக வேண்டிய நிலை வந்தது. எண்ணாமல் இருந்தவரை அதுவும் தலைவிதியாகத்தான் இருந்தது.

ஆகவே நாம் கேட்பவை இவை. செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரையில் எலும்பு முறிந்த ஒவ்வொருவரையும், ரோட்டில் முறிந்தாலும் தொழிற்சாலையில் முறிந்தாலும் வீட்டில் முறிந்தாலும், அவர் வேலைக்குத் திரும்புகின்ற நாள் வரையில் தொடர்ந்து எழுதும் ஒரு பதிவு, அப்பக்கத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் வைத்தியக் கல்லூரிகளும் சேர்ந்து வைக்க வேண்டும். எந்த வளைவில், எந்த நேரத்தில், எந்த இயந்திரத்தில் அதிகமாக முறிகின்றதோ அவ்விடத்தைத் திருத்த வேண்டும். ஆபரேஷனோடு நிற்காமல், மூட்டையும் தசையையும் பழக்குகிற சிகிச்சையை இரவு ஷிப்டுக்காரனும் வந்து பெறும்படியான நேரத்தில், இலவசமாக வைக்க வேண்டும். எலும்பு கூடும் வரையில் ஒப்பந்தத் தொழிலாளியின் இடம் பறிபோகாது என்கின்ற உறுதியும், அதுவரையில் அரைவயிறாவது நிரம்பும்படியான கூலியும் வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸுக்குப் போராடுவது போல இதற்கும் போராட வேண்டும்.

தோழர்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். ரோட்டில் ஒருவன் விழுந்து கிடந்தால் போலீஸ் வழக்கு வருமே என்று ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. உதவி செய்கிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது சேர்க்கப்பட்டாயிற்று. 108-க்குச் சொல்லுங்கள். முறிந்த இடத்தை இழுத்துப் பார்க்காமலும், எண்ணெய் போட்டுத் தேய்க்காமலும், இருக்கிற நிலையிலேயே ஒரு கட்டையை அணைத்துக் கட்டி, காயம் திறந்திருந்தால் சுத்தமான துணியால் மூடி, ரத்தம் ஓடினால் அழுத்திப் பிடித்து அனுப்புங்கள். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் ஆதலால் வாயில் சோறோ, சோடாவோ, விபூதித் தண்ணீரோ ஊற்றாதீர்கள். பிழைத்து வந்தவனை "உன் நேரம்" என்று சொல்லி உட்கார வைக்காமல், அவனுக்குரிய பணத்தைக் கேட்டு வாங்க ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மேற்சொன்ன ஆராய்ச்சியில் கண்டபடி, துணை இருப்பதும் தன்னால் முடியும் என்கின்ற நம்பிக்கையும் மருந்தோடு சேர்ந்த மருந்து. இந்த நம்பிக்கைக்குத் தமிழில் வேறு ஒரு பெயரும் உண்டு, அது சுயமரியாதை.

தலைவிதி என்பது ஒருவன் நெற்றியில் எழுதப்பட்டதல்ல. நம்முடைய கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் விடப்பட்டதாகும். எழுதத் தொடங்குவோமானால் அதில் பெரும்பாகம் தானே மறைந்து போகும்.